பூமலையின் பெயர்ப்பலகைகள்

சிங்கப்பூரின் தங்லின் பகுதியிலுள்ள தாவரவியல் பூங்காவுக்குத் தமிழ் மக்கள் வைத்த பெயர் பூமலை. பினாங்கில் 1884 ஆம் ஆண்டு சார்லஸ் கர்ட்டிஸ் என்பார் அமைத்த தாவரவியல் பூங்கா அருவியின் அடிவாரத்தில் இருத்தலால், அவ்வட்டாரம் தமிழருக்குத் தண்ணீர்மலை ஆயிற்று. பூவைப் பார்த்தவர் பூமலை என்றனர். நீரைப் பார்த்தவர் தண்ணீர்மலை என்றனர். அலுவலகக் கோப்புகளில் இருந்த பெயரோ ஆங்கிலத்தில் வேறாக இருந்தது. ஒரே இடத்துக்கு ஆளுவோர் ஒரு பெயரும் உலவுவோர் ஒரு பெயரும் இட்டு வழங்கிய செய்தி சிறியதுதான். ஆயினும் பூங்காக்களின் வரலாற்றை ஆராயப் புகுவார் அதனை எளிதாகக் கடந்து போய்விட முடியாது.

ஒரு பூங்கா வருவோரிடம் பல வழிகளில் பேசுகிறது. மரத்தில் அறைந்த தகடு ஒன்று. வாயிலில் நட்ட அறிவிப்புப் பலகை மற்றொன்று. அச்சிட்ட வழிகாட்டி நூல் பின்னொன்று. இக்காலத்தில் இவை யாவும் இணையத்தளம் என்னும் ஒரே இடத்தில் வந்து கூடியுள்ளன. ஊர்தோறும் உள்ள பூங்காத் துறைகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தம் தளத்தை மாற்றி அமைக்கின்றன. இது கணினி வல்லார் செய்யும் வேலை, நமக்கென்ன என்று பலர் எண்ணுவர். ஆனால் அவ்வல்லார் முன் முதலில் வந்து நிற்கும் கேள்வி கணினியைப் பற்றியதன்று. 'படிக்கப் போகிறவர் யார்?' என்பதே அக்கேள்வி. பூமலையின் வரலாறு முழுவதும் இக்கேள்விக்கு அவ்வப்போது கூறப்பட்ட விடைகளின் வரலாறுதான் எனலாம்.

சந்தா கட்டியவர் தோட்டம்

ராஃபிள்ஸ் 1822 ஆம் ஆண்டில் கென்னிங் குன்றின் சாரலில் தொடங்கிய முதல் தோட்டம் ஜாதிக்காய், கிராம்பு முதலிய பணப்பயிர்களுக்காக எழுந்தது. அது 1829 இல் மூடப்பட்டது. 1836 இல் செய்த இரண்டாம் முயற்சியும் பத்தாண்டுகளில் நின்றுவிட்டது. மூன்றாவதாக, 1859 இல் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் ஒன்று தங்லினில் நிலம் பெற்றது. வாம்போ என்று பெயர் பெற்ற சீன வணிகர் ஹூ ஆ கே அந்நிலம் கிடைக்க உதவினார். மறு ஆண்டு லாரன்ஸ் நிவன் என்னும் தோட்டக் கலைஞர் பொறுப்பேற்று, இன்றும் பெரும்பாலும் அழியாது நிற்கும் வளைந்த பாதைகளை வகுத்தார்.

சங்கத்தின் தோட்டம் சந்தா செலுத்திய உறுப்பினரின் உல்லாசத்துக்காக அமைந்தது. மலர்க் கண்காட்சியும் இராணுவ வாத்திய இசையும் அங்கே நடந்தன. இத்தகைய இடத்தில் விளக்கம் எழுத வேண்டிய தேவை அதிகமில்லை. வருவோர் யார் என்பது முன்பே தெரியும். சங்கம் கடனில் மூழ்கியது. 1874 இல் அரசாங்கம் தோட்டத்தை ஏற்றுக்கொண்டது. மறு ஆண்டு லண்டனை அடுத்த கியூ தோட்டத்திலிருந்து ஜேம்ஸ் மர்ட்டன் அனுப்பப்பட்டார். அவர் காலத்தில் ஒரு விலங்குக் காட்சிசாலையும் சேர்ந்தது. காண்டாமிருகமும் சிறுத்தையும் இருந்தால் கூட்டம் வராமல் போகுமா? அறிவியல் கூடமாக ஆக்க முயன்றவர்களுக்கு அக்கூட்டம் மகிழ்ச்சியைத் தந்ததோ தொல்லையைத் தந்ததோ, செலவு மட்டும் கூடிற்று. 1905 வாக்கில் விலங்குகள் போய்விட்டன.

இரப்பரும் அதன் வாசகரும்

பூமலையின் புகழுக்கு அடிப்படையான மரம் 1877 இல் வந்தது. பிரேசிலிலிருந்து 1876 இல் ஹென்றி விக்கம் கொண்டுசென்ற எழுபதாயிரம் விதைகள் கியூவில் விதைக்கப்பட்டு, முளைத்தவை சிலவே ஆயின. அவற்றுள் 22 கன்றுகள் சிங்கப்பூர் சேர்ந்தன. அவற்றில் ஒரு பகுதி பேராக்கின் கோலகங்சாருக்குப் போய், ஹியூ லோ என்னும் ரெசிடெண்ட் இல்லத் தோட்டத்தில் நடப்பட்டது. அத்தலைமுறை மரம் ஒன்று இன்றும் அவ்வூர் மாவட்ட அலுவலகத்தருகே நிற்கிறது.

மரம் வந்ததே தவிர, அதனை நம்பிப் பயிரிடத் தோட்ட முதலாளிகள் முன்வரவில்லை. அவர்கள் நாட்டம் காப்பியில் இருந்தது. 1888 இல் பூங்காவின் தலைமைப் பொறுப்புக்கு வந்த ஹென்றி நிக்கலஸ் ரிட்லி இதனை மாற்றியவர். கத்தியைப் பட்டையில் ஓங்கிப் பாய்ச்சினால் மரம் புண்பட்டுப் பட்டுவிடும். மெல்லச் சீவி, மறுநாள் அதே காயத்தின் விளிம்பை மீண்டும் திறந்தால் பால் குறையாது பெருகும், மரமும் பிழைக்கும் என்று அவர் ஆய்ந்து கண்டார். மீன்முள்போல் இருபுறமும் சாய்ந்த வெட்டுக்களை வகுத்ததும் அவரே. விதைகளைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு கண்டவரிடமெல்லாம் கொடுத்தாராம். 'பைத்தியக்கார ரிட்லி' என்று அவரை எள்ளியோர் பலர். 1896 இல் மலாக்காவில் தான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் இரப்பர்த் தோட்டம் போட்டார். காப்பியின் விலை வீழ்ந்ததும் மற்றவரும் ஓடி வந்தனர். எள்ளப்பட்ட அவர் நூறு வயதைக் கண்டு 1956 இல் மறைந்தார். 2015 ஜூலை 4 ஆம் நாள் யுனெஸ்கோ பூமலையை உலக மரபிடமாக அறிவித்தபோது சுட்டிய சிறப்புகளுள் இரப்பர் ஆராய்ச்சியும் ஒன்று.

ரிட்லியின் கண்டுபிடிப்பு எவ்வழியாக மக்களை அடைந்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. 1891 முதல் பூங்கா 'மலாய்த் தீபகற்ப வேளாண்மை அறிக்கை' என்னும் ஏட்டை வெளியிட்டது. அது பிற்பாடு பெயர் மாறி, 1912 முதல் பூங்காவின் ஆராய்ச்சி இதழாயிற்று. மரத்தின் வயது, வெட்டின் ஆழம், பாலின் அளவு என யாவும் அவ்வேடுகளில் தெளிவாக அச்சேறின. எழுதியவர் ஆங்கிலேயர், மொழி ஆங்கிலம், வாசகர் தோட்ட முதலாளிகள்.

ஆனால் கத்தியைப் பிடித்தவர் யார்? இரப்பர்த் தோட்டங்கள் பெருகப் பெருகத் தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் கங்காணி முறையில் கொண்டுவரப்பட்டனர். 1907 இல் இதற்கெனத் 'தமிழர் குடியேற்ற நிதி' ஒன்றும் சட்டப்படி ஏற்பட்டது. விடியற்காலைப் பிரட்டில் பெயர் கொடுத்து, மங்கும் வாளியும் உளியும் எடுத்துச் சென்று, அறிக்கையில் கண்ட அதே வெட்டை நாள்தோறும் மரத்துக்கு மரம் இட்டவர் அத்தொழிலாளர். அவருக்கு அவ்வறிக்கை எட்டவில்லை. துரை படித்துக் கிராணிக்குச் சொல்ல, கிராணி கங்காணிக்குச் சொல்ல, கங்காணி அதட்டலோடு சொன்னது எதுவோ அதுவே அவரை வந்தடைந்த தாவரவியல். பட்டைக்கு அடியில் வளர்படலம் ஒன்றுண்டு, அதைத் தொட்டால் மரம் கெடும் என்ற காரணம் இடையில் எங்கோ உதிர்ந்துபோய், 'ஆழமாக வெட்டினால் சம்பளம் போகும்' என்பது மட்டும் மிஞ்சியது. பூங்காவின் அறிவை எல்லாரினும் மிகுதியாகக் கையால் பயன்படுத்தியவர், அப்பூங்காவின் வாசகர் பட்டியலில் இடம்பெறவே இல்லை. பூங்காவின் சாதனையைப் பாராட்டும் நூல்கள் பல. இக்குறையைச் சொல்லும் பக்கம் அவற்றில் அரிது.

தொழிலாளர் தம் பங்குக்குத் தாமே பெயரிட்டுக்கொண்டனர். மரம் கித்தா மரம் ஆயிற்று, பால் மரமும் ஆயிற்று. கித்தா என்பது கெத்தா என்னும் மலாய்ச் சொல். மங்கு என்பதும் மங்கோக் என்னும் மலாய்ச் சொல்லே. வெட்டின் கோட்டில் காய்ந்து படிவது கோட்டுப்பால். இச்சொற்களை எந்தத் தகட்டிலும் எவரும் பொறிக்கவில்லை. மலாய்க் கூட்டரசில் 1912 இல் வந்த தொழிலாளர் சட்டம் தோட்டங்களில் பள்ளிக்கூடம் வைக்க வழிசெய்தது. அங்குப் பயின்ற பிள்ளைகளின் வாசகப் புத்தகங்கள் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தவை. ஆலையும் அரசையும் பனையையும் பாடத்தில் படித்துவிட்டு, பள்ளியின் வாயிலிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் நின்ற மரத்தைப் பற்றி ஒரு வரியும் படியாமல் வளர்ந்த தலைமுறை அது.

பாதையோர மரங்கள்

பொதுமக்களையும் வாசகராகக் கருதிய முதற்பெரும் முயற்சி 1940 இல் தோன்றியது. பூங்காவின் துணை இயக்குநராக 1929 இல் சேர்ந்த இ. ஜே. எச். கார்னர் அவ்வாண்டில் 'மலாயாவின் பாதையோர மரங்கள்' என்னும் நூலை இரு தொகுதிகளாக வெளியிட்டார். உயர்ந்த மரங்களின் பூவையும் காயையும் பறிக்கத் தேங்காய் பறிக்கும் பெரோக் குரங்குகளைப் பழக்கியவர் இவர்! காட்டின் ஆழத்தில் உள்ள அரிய மரங்களைவிட, வீதியில் நடப்பவன் நாள்தோறும் காணும் மரத்தை அவன் அறிந்துகொள்ள வேண்டும் என்று அந்நூல் விரும்பியது. மலாய்ப் பெயர்கள் அதில் தக்க இடம் பெற்றன. அதற்கு ஐந்தாண்டு முன்னர், 1935 இல், முன்னாள் இயக்குநர் பர்க்கில் எழுதிய மலாய்த் தீபகற்பப் பொருளியல் தாவர அகராதியும் மக்கள் வழக்கிலுள்ள பெயர்களைத் தேடித் தொகுத்த பெரும்பணியே. எனினும் இவை யாவும் ஆங்கிலம் அறிந்தாருக்கே திறந்த கதவுகள்.

இலத்தீன் பெயரைத் தகட்டில் கண்டதும் இது நமக்கு எட்டாதது என்று ஒதுங்குவோர் உண்டு. அவர்கள் ஒருமுறை நின்று படித்தல் நன்று. சிங்கப்பூர்ச் சாலையோரங்களில் மிகுதியாக நட்டுள்ள மகிழமரத்தின் அறிவியற்பெயர் மிமுசோப்ஸ் எலெங்கி. இப்பெயரின் பின்பாதி எங்கிருந்து வந்தது? ஹாலந்து நாட்டவரான வான் ரீடு மலையாளக் கரையின் மருத்துவர் துணையோடு தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ்' நூலில் உள்ள நாட்டுப்பெயர் அது. தமிழில் மகிழுக்கு இலஞ்சி என்றொரு பெயர் உண்டென்பதைத் தமிழாசிரியர் அறிவர். கடற்கரையில் நிழல்தரும் நாட்டுவாதுமைக்கு உரிய தெர்மினாலியா கத்தப்பா என்னும் பெயரிலும் கெத்தப்பாங் என்ற மலாய்ச் சொல் மறைந்து கிடக்கிறது. ஆகவே தகட்டிலுள்ள அயற்பெயர் முழுவதும் அயலானதன்று. நம் பாட்டன் சொன்னதை ஐரோப்பியன் எழுதிவைக்க, நாம் அடையாளம் காணாமல் நிற்கிறோம்.

ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் (1942-1945) பூங்கா சூறையாடப்படாமல் தப்பியது. ஜப்பானிய அறிஞர் சிலரும், காவலில் வைக்கப்படாமல் பணியைத் தொடர அனுமதிக்கப்பட்ட ஹோல்ட்டம், கார்னர் ஆகிய இருவரும் அதற்குக் காரணர்.

தோட்டம் துறையானது

1963 ஜூன் 16 ஆம் நாள் பிரதமர் லீ குவான் யூ ஃபேரர் வட்டச் சாலையில் ஒரு மெம்பாட் மரக்கன்றை நட்டார். 1967 இல் 'பூங்கா நகரம்' என்னும் நோக்கம் அறிவிக்கப்பட்டது. 1971 நவம்பர் 7 இல் முதல் மரம் நடும் நாள் நடைபெற்றது. ஒரு தோட்டத்துக்குள் இருந்த பணி இப்போது தீவு முழுமைக்கும் பரவியது. 1970-களில் தாவரவியல் பூங்காவும் சாலை மரங்களைக் காக்கும் கிளையும் ஒன்றாயின. 1990 இல் தேசியப் பூங்காக் கழகம் சட்டப்படி அமைந்தது. 1996 இல் பூங்கா, பொழுதுபோக்குத் துறையும் அதனோடு இணைந்தது. 1883 இல் கேன்ட்லி காலத்தில் ஒதுக்கிய புக்கிட் தீமா காடு முதல் அடுக்குமாடிக்குக் கீழுள்ள திடல்வரை பல்வகை இடங்கள் ஒரே நிறுவனத்தின் பார்வையில் வந்தன.

இவ்வாறு பல கிளைகள் கூடி ஒன்றாகும் எந்தத் துறைக்கும் ஒரு நோய் வருவதுண்டு. அது மக்களிடம் பேசும்போது தன் அலுவலக அறைகளின் வரிசைப்படியே பேசத் தொடங்கும். 'எங்களைப் பற்றி' என்று முதற்பக்கம், அடுத்து நிருவாகக் குழு, பின் பிரிவுகள், பிரிவுக்குள் திட்டங்கள். ஞாயிறு காலை பேரப்பிள்ளையோடு புறப்படும் முதியவருக்கு வேண்டியதோ வேறு. வாயில் எத்தனை மணிக்குத் திறக்கும்? எந்தப் பேருந்து போகும்? சக்கர நாற்காலி செல்லுமா? கூடாரம் அடிக்க அனுமதிச் சீட்டு எங்கே பெறுவது? பாதை திறந்திருக்கிறதா? இக்கடைசிக் கேள்வி வீண்கேள்வியன்று. புக்கிட் தீமாக் காப்பகம் சீரமைப்புக்காக 2014 செப்டம்பரில் மூடப்பட்டு, இடையிடையே ஒரு பகுதி மட்டும் திறக்கப்பட்டு, 2016 அக்டோபரில்தான் முழுமையாகத் திறந்தது. அவ்விரண்டாண்டில் அறிவிப்பைக் காணாமல் மலையடிவாரம் வரை சென்றவர் திரும்பித்தான் வரவேண்டும்.

துறைகளின் எல்லை மக்களுக்கு எவ்வளவு பொருளற்றது என்பதைச் சிங்கப்பூர் மக்கள் ஒரு மீனுருண்டைக் குச்சியால் அறிந்தனர். 2014 தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லீ சியன் லூங் அக்கதையைச் சொன்னார். புக்கிட் கோம்பாக் பகுதியில் ஒரு நடைபாதை அழுக்காக இருப்பதாகக் குடியிருப்பாளர் முறையிட்டனர். சரிவு நில ஆணையத்துக்கு உரியது; நடுவிலுள்ள பாதை பூங்காக் கழகத்துக்கு உரியது; சாலையை ஒட்டிய பகுதி போக்குவரத்து ஆணையத்துக்கு உரியது. குச்சி எங்கே விழுகிறதோ அதைப் பொறுத்து எடுப்பவர் மாறுவார்! அவ்வாண்டு அக்டோபரில் நகராட்சிச் சேவை அலுவலகம் ஒன்று அமைந்தது. மறு ஆண்டு ஜனவரியில், எந்தத் துறை என்று தெரியாமலே முறையிட உதவும் கைப்பேசிச் செயலியும் வந்தது. பூங்காத் தளத்தைத் திருத்தி அமைப்பவர் இக்குச்சியை மேசைமேல் வைத்துக்கொண்டு வேலை செய்தல் நலம்.

மரத்தைப் பற்றிய தகவலில் உயிரும் அடங்கியுள்ளது. 2017 பிப்ரவரி 11 இல் பூமலையில் 270 ஆண்டுகளுக்கு மேற்பட்டதென மதிப்பிடப்பட்ட தெம்புசு மரம் ஒன்று வேரோடு சாய்ந்து, ஒரு பெண்மணி உயிரிழந்தார். பூங்காவுக்கும் மூத்த மரம் அது. மறு ஆண்டு, 2018 இல், ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மரங்களை நிலப்படத்தில் காட்டும் இணையத்தளம் ஒன்றைக் கழகம் தொடங்கியது. வீட்டு வாசலில் நிற்கும் மரத்தின் இனத்தையும் பருமனையும் குடியிருப்பவரே பார்க்கலாம். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகராட்சி இதற்கு முன்பே, 2013 இல், நகர மரங்களுக்கு எண்ணிட்டு, ஒவ்வொன்றுக்கும் மின்னஞ்சல் முகவரியும் கொடுத்திருந்தது. முறிந்த கிளையைத் தெரிவிக்கட்டும் என்பது அதிகாரிகளின் எண்ணம். மக்களோ மரத்துக்கே நேராக அன்புக் கடிதம் எழுதத் தலைப்பட்டனர்! அதிகாரிகள் முறையீட்டுப் பெட்டி வைத்த இடத்தில் மக்கள் உறவு கொண்டாடினர்.

மக்கள் சொல்வதைத் துறை கேட்ட சந்தர்ப்பமும் உண்டு. பூலாவ் உபின் தீவின் செக் ஜாவா கரை 2001 இல் கடலைத் தூர்க்கும் திட்டத்துக்குள் இருந்தது. அங்குள்ள கடற்புல்லையும் கடல் விண்மீனையும் கண்ட இயற்கை ஆர்வலர், படமெடுத்து எழுதிப் பரப்பி, ஆயிரக்கணக்கானோரை வற்றுநேரத்தில் அழைத்துச் சென்று காட்டினர். அவ்வாண்டு முடியும் தறுவாயில் திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. அக்கரையைப் பற்றி அறிவூட்டியதில் முன்நின்றவர் ஊதியம் பெறாத ஆர்வலரே.

இனி மொழியைப் பற்றிய செய்தி. சிங்கப்பூரில் நான்கு ஆட்சிமொழிகள் உள்ளன. அவற்றுள் தமிழும் ஒன்று. பூங்காக் கழகத் தளம் முதன்மையாக ஆங்கிலத்தில் இயங்குகிறது. பக்கம் யாவற்றையும் நான்கு மொழியில் ஆக்குவது பெருஞ்செலவு என்பது உண்மையே. பொறி பெயர்த்த தமிழைக் கண்டு நொந்தவர் அதனை விரைந்து கேட்கவும் மாட்டார். ஆனால் பெயர்களை மட்டும் சேர்ப்பது அத்தனை கடினமன்று. தேடுபெட்டியில் 'பூமலை' என்று இட்டால் தாவரவியல் பூங்காவின் பக்கம் வரவேண்டும். மகிழம், புன்னை, கொன்றை என்று இட்டால் அவ்வம்மரம் வரவேண்டும். இப்பட்டியலைக் கணினி வல்லார் தாமாகத் தொகுக்க இயலாது. பர்க்கிலும் கார்னரும் ஊர் ஊராகக் கேட்டுத் தொகுத்தது போல, பெயர் அறிந்தாரிடம் கேட்டே தொகுக்க வேண்டும். தமிழாசிரியர் செய்தற்குரிய பணி இதில் நிரம்ப உண்டு. ஒரு பள்ளிக்கூடத்தைச் சுற்றி நிற்கும் மரங்களை மாணவரைக் கொண்டு எண்ணி, வீட்டுப் பெரியோர் வழங்கும் பெயரைக் கேட்டு எழுதினாலே ஒரு குறிப்பேடு நிறைந்துவிடும்.

அக்குறிப்பேட்டில் முதலில் வரக்கூடிய மரம் 1876 இல் தென்னமெரிக்காவிலிருந்து சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று பெருஞ்சாலைகளுக்குக் குடைபிடித்து நிற்பது. ஆங்கிலேயர் அதனை மழைமரம் என்றனர். மாலையில் அதன் இலைகள் மடிவதைக் கண்ட மலாய்க்காரர் 'ஐந்து மணி' என்று பொருள்படும் புக்குல் லீமா என்ற பெயரை இட்டனர். அதே மடிதலைக் கண்ட தமிழர் தூங்குமூஞ்சி என்றனர். மூன்று பெயருக்கும் மரம் ஒன்றே.